பலூன் படையின் கிண்ணம்

உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணம். அதில் படைப்பிரிவின் பெயர், 'பணி நிறைவு நினைவு' என்ற வாசகம், பல வேளைகளில் சிப்பாயின் பெயரும். கட்டாயப் படைச்சேவை முடித்து ஊர் திரும்பும் ஜப்பானியச் சிப்பாய், தன்னை அன்பளிப்போடு வழியனுப்பிய உற்றாருக்கு, சாகே எனும் அரிசி மது அருந்தும் இத்தகைய கிண்ணங்களைச் செய்வித்துத் தருவது அன்றைய வழக்கமாக இருந்தது. 'நலமாகத் திரும்பிவிட்டேன்' என்பதே அதன் பொருள்.

காலாட்படையின் கிண்ணங்கள் சேகரிப்போருக்கு எளிதில் கிட்டும். பலூன் படையோ மிகச் சிறியது. ஆகவே அதன் கிண்ணங்கள் அரியவை.

1904இல் போர்ட் ஆர்தர் முற்றுகையின்போது, ரஷ்ய நிலைகளை வேவு பார்க்கக் கயிற்றில் கட்டிய பலூன்களை ஜப்பானியர் ஏற்றினர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நோக்கம் மாறியது. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை, பலூன் படைப்பிரிவு ஏறத்தாழ 9,300 வெடிகுண்டு பலூன்களைப் பசிபிக் கரையிலிருந்து அமெரிக்காவை நோக்கி உயர்வான் காற்றில் அனுப்பியது. வாஷி காகிதத்தைக் கொன்யாக்கு கிழங்குப் பசையால் ஒட்டி அவற்றைச் செய்தவர்களுள் பள்ளி மாணவியர் பலர். 1945 மே 5 அன்று, ஒரிகன் மாநிலத்தின் பிளை என்ற ஊரருகே காட்டில் கிடந்த ஒரு பலூனின் குண்டு வெடித்தது. கருவுற்றிருந்த பெண் ஒருவரும், 11 முதல் 14 வயது வரையான ஐந்து சிறாரும் மாண்டனர். காகிதம் ஒட்டிய மாணவியருள் பலருக்கும் ஏறத்தாழ அதே வயதுதான்.

கிண்ணத்தில் இருப்பது வீடு திரும்பிய ஒருவனின் பெயர் மட்டுமே. அதைக் கையிலெடுக்கும் சேகரிப்பாளர், வீடு திரும்பாத அந்தச் சிறாரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.