ஓரதர்

வால்வுக்குத் தமிழில் உருவான கலைச்சொற்களுள் ஒன்று ஓரதர். ஓர் + அதர். அதர் என்றால் வழி. சங்கப் பாடல்களில் காட்டு வழிக்கும் மலை வழிக்கும் வரும் பழஞ்சொல். ஆக, ஓரதர் என்றால் ஒருவழி. ஆனால் தொட்டிக்கடியில் இருக்கும் கேட் வால்வு இருபுறமும் நீர் விடும். அதை ஓரதர் என்பது எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பெயருக்கு முழுத் தகுதி, கடையில் ‘என்.ஆர்.வி.’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நான்-ரிட்டர்ன் வால்வுக்குத்தான்.

வால்வு என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘வால்வா’: மடக்குக் கதவின் ஒரு பலகை. என்.ஆர்.வி.யில் ஸ்விங் வகையைக் கழற்றிப் பார்த்தால் கதவேதான். மேலே கீல், அதில் தொங்கும் தட்டு. நீர் தள்ளினால் திறக்கும், திரும்பினால் சாத்திக்கொள்ளும். நீர் மேலேறும் செங்குத்துக் குழாயிலும் இதை வைக்கலாம். கீழிறங்கும் குழாயில் தட்டு திறந்தே தொங்கும். அங்கே ஸ்பிரிங் வகைதான் சரி. மோட்டார் நின்றதும் குழாய் ‘டம்’மென்று அதிர்ந்தால், பெரும்பாலும் தட்டு தாமதமாகச் சாத்துகிறது, அதற்கும் ஸ்பிரிங் உதவும். குழாய் அளவை மட்டும் பார்த்துப் பெரிதாக வாங்கினால், ஓட்டம் போதாமல் தட்டு படபடத்துத் தேயும்.

கிணற்றுக் குழாயின் அடியில் சல்லடையோடு கிடக்கும் ஃபுட் வால்வும் இதே இனம். அதில் ஒரு சருகு சிக்கினால் போதும், இரவோடு இரவாகக் குழாய் நீர் இறங்கிவிடும்; காலையில் குடம் குடமாக ஊற்றினால்தான் மோட்டார் தண்ணீர் எடுக்கும்.