கடலடிச் செல்வமும் குளிகாரர் பங்கும்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தார்க்குக் கடல் என்பது தொலைவில் உள்ள ஒன்று. மழை குறைந்த கரிசல் மண். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் சோறு போடும் ஊர்கள். ஆயினும் 1910 முதல் 1985 வரை இவ்வூர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன என்பதை மறத்தல் ஆகாது. ஒரே மாவட்டத்தின் மேற்கே வெடிமருந்தோடு பழகிய கைகள். கிழக்கே கீழக்கரையில் முத்துக்கும் சங்குக்குமாக மூச்சடக்கிக் கடலில் இறங்கிய முஸ்லிம் குளிகாரர்கள். இரு தொழிலிலும் உயிர் ஒருவருடையது, சரக்கு வேறொருவருடையது. தீக்குச்சிக் கட்டை அடுக்கிய பெண்களுக்கு எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி உண்டேயன்றிச் சரக்கில் பங்கு இருந்ததில்லை. குளிகாரருக்கோ ஒரு காலத்தில் பங்கு இருந்தது.

அப்பங்கின் வரலாற்றை இன்று புரட்டிப் பார்க்கக் காரணம் உண்டு. நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில், கதிரவன் ஒளி எட்டாத கடல்தரையில், உருளைக்கிழங்கை ஒத்த கருநிறக் கட்டிகள் பரவிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவை அவற்றில் அடங்கியுள்ளன. தீக்குச்சி மருந்தில் சேர்ப்பதுண்டே, அதே மாங்கனீசுதான். ஒரு கட்டி சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் செல்லும். இவற்றை எந்திரங் கொண்டு வாரி எடுக்க நாடுகளும் கம்பெனிகளும் முனைந்து நிற்கின்றன. எடுத்தால் யாருக்கு எவ்வளவு என்பதே வழக்கு.

கடலடியைப் பங்கிடுவது நம் கரைக்குப் புதிதன்று. கொற்கை முத்தைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு எடுப்பித்தனர் என்று முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ குறிக்கிறது. அவர்களுக்கு என்ன பங்கு இருந்திருக்கும்! பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒன்றும், சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒன்றும் கொடுக்கப்பட்டதாக எழுதினார். ‘கடல்கட்டி’ என்று நம் மக்கள் அழைத்த அவர்களுக்குக்கூடக் கணக்கில் இடம் இருந்தது. டச்சுக்காரர் காலத்தில் மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வரியில்லாக் ‘கல்’ ஒதுக்கப்பட்டது. கல் என்றால் ஒரு குளிகாரனைக் கடலடிக்கு இறக்கும் கல்; ஆளையே கல்லால் எண்ணிய காலம் அது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைச் சலாபங்களில் நிலவிய முறை இன்னும் தெளிவானது. மரிச்சுக்கட்டிக் கரையில் படகு வந்து சேர்ந்ததும் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு; ஒன்று குளிகாரருக்கு. அரசின் குவியல் ஏலத்துக்குப் போகும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் கீழக்கரையாரும் பரதவரும் பாரசீக வளைகுடா அரபிகளும் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடி. அரசுக்கு வந்த வருவாய் 25 லட்சம் ரூபாய். மூன்றில் ஒன்று நீதியான பங்கா என்று கேட்கலாம். நீதி அன்று என்றே யான் கருதுகிறேன். ஆயினும் குளிகாரன் தன் குவியலைக் கண்ணால் கண்டான், கையால் தொட்டான், விரும்பிய வணிகனுக்கு விற்றான்.

அந்தப் பெருவருவாயே கேடாக முடிந்தது. மறு ஆண்டே, 1906இல், இலங்கை அரசு முத்துப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகை. 1907க்குப் பின் பார்களில் சிப்பி அற்றுப் போயிற்று. சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. கம்பெனிக்கு நட்டம் பணத்தோடு போயிற்று. கீழக்கரையில் அடுப்பெரியாத வீடுகளுக்கு யார் கணக்கு வைத்தார்? நம் பக்கத்திலோ, தூத்துக்குடிச் சலாபம் 1955 முதல் 1961 வரை நடைபெற்றதோடு நின்றுவிட்டது.

இனி ஆழ்கடலுக்கு வருவோம். 1967இல் மால்ட்டா நாட்டுத் தூதர் அர்விட் பார்டோ, எந்நாட்டு எல்லைக்கும் உட்படாத கடல்தரை மனிதகுலத்தின் பொதுச் சொத்து ஆக வேண்டும் என்று ஐக்கிய நாட்டு அவையில் வாதாடினார். 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையில் அக்கொள்கை இடம் பெற்றது. 1994இல் அது நடைமுறைக்கு வந்தது. இதற்கான ஆணையம் ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரில் உள்ளது. 1987இல் இந்தியா முன்னோடி முதலீட்டாளர் என்னும் தகுதி பெற்று, 2002இல் மத்திய இந்துமாக்கடலில் 75,000 சதுரக் கிலோமீட்டருக்கு ஆய்வு ஒப்பந்தம் செய்தது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல்! 2021இல் நவுரு என்னும் சிறு தீவு, இரண்டாண்டில் சுரங்க விதிகளை முடிக்குமாறு கெடு வைத்தது. தன் பாஸ்பேட்டு மண்ணை அந்நியர் தோண்டிச் சென்றதற்கு ஆஸ்திரேலியாவை 1989இல் உலக நீதிமன்றத்துக்கு இழுத்த அதே தீவுதான், இப்போது ஒரு கம்பெனிக்குத் துணை நிற்கிறது. வறுமை செய்யும் வேலை இது, நகைப்பதற்கில்லை. 2023 ஜூலையில் கெடு முடிந்தது, விதிகள் முடியவில்லை.

இங்கே குளிகாரன் இல்லை. எந்திரம் இறங்குகிறது, கிளம்பும் சேறு நீரில் பரவுகிறது, மேலே சூரை பிடிப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. மூச்சைக் கொடுத்தவன் என்று பங்கு கேட்டு வர ஒருவனும் இல்லாத சலாபம் இது. நிலச்சுரங்கத்தை நம்பியிருக்கும் ஏழை நாடுகளின் வருவாய் குறைந்தால் உதவ வேண்டும் என உடன்படிக்கை கூறுகிறது. மனிதகுலம் முழுமைக்கும் நன்மை என்றும் கூறுகிறது. மீனவனுக்கென்று தனிக் குவியல் அதில் பிரிக்கப்படவில்லை.