வளர்ப்போரை விசாரித்தல்: அன்றும் இன்றும்

மாரண்டஹள்ளியில் நம் மஹல்லாவைச் சேர்ந்த கணவனும் மனைவியும் ஓரிரவு இஷாத் தொழுகைக்குப்பின் நம்மை நாடி வந்தனர். ஆதரவற்ற பிள்ளை ஒன்றைத் தம் இல்லத்தில் வைத்து வளர்க்க அவர்கள் விண்ணப்பம் செய்திருந்தனர்.

“ஹஜ்ரத்! தருமபுரியிலிருந்து வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். எத்தனை அறை, என்ன வருமானம், வீட்டில் சச்சரவு உண்டா என்றெல்லாம் கேட்பார்களாம். நன்மை செய்யப் போனால் குற்றவாளியைப்போல் விசாரிப்பதா? விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம்” என்றார் கணவர்.

“எங்கள் வீடு ஓட்டு வீடுதானே, ஹஜ்ரத்” என்றார் மனைவி.

அவர்களுக்கு நாம் அன்று கூறிய விடையையே ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம். ஏனெனில் இத்தயக்கம் அவ்விருவருக்கு மட்டும் உரியதன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் காணப்படுவதாகும்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்தார்கள். அக்காலத்தில் பனூ ஸுலைம் குலத்தவரான ஸுனைன் அபூ ஜமீலா என்பார், கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தையொன்றைக் கண்டெடுத்துக் கலீஃபாவிடம் கொண்டு வந்தார். இந்நிகழ்ச்சியை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா அவர்கள் அவரை உடனே பாராட்டிவிடவில்லை. இக்குழந்தையை எடுக்க உம்மைத் தூண்டியது யாது என்றே முதலில் வினவினார்கள். கேட்பாரற்றுக் கிடந்தமையால் எடுத்தேன் என்றார் அவர். அப்பொழுது அவருடைய ‘அரீஃப்’, அதாவது அக்குலத்தாரின் நிலையறிந்த பொறுப்பாளர், இவர் நல்லவர் என்று சான்று பகர்ந்தார். அதை மீண்டும் கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே, கலீஃபா அவர்கள் குழந்தையை அவர் பொறுப்பில் விட்டார்கள். அக்குழந்தை சுதந்திரப் பிறவி என அறிவித்து, அதன் செலவையும் அரசே ஏற்கும் எனக் கட்டளையிட்டார்கள்.

அன்பர்களே! எடுத்தவரின் எண்ணத்தை அறிதல், அவரை அறிந்தவரிடம் விசாரித்தல், குழந்தையின் உரிமையை நிலைநாட்டல், பராமரிப்புக்குப் பொருளுதவி அளித்தல் ஆகிய நான்கும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. இன்று ‘இல்ல ஆய்வு’ என வழங்கும் முறையின் சாரம் இதுவேயன்றோ?

பிற்காலச் சட்ட மேதைகளும் இவ்வழியையே பின்பற்றினர். கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான மின்ஹாஜில், கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கெனத் தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். அத்தகைய குழந்தையை எடுத்துக் காப்பது ஃபர்ளு கிஃபாயாவாகும். ஒருவரும் முன்வராவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளே. எனினும், எடுப்பவர் சாட்சிகளை வைத்தே எடுத்தல் வேண்டும். நேர்மையும் நிர்வாகத் திறனும் அற்றவருக்கு அப்பொறுப்பு உரியதாகாது. சாட்சி எதற்கு? குழந்தையின் வமிசம் மறைந்துபோகாமலும், அது அடிமையாக்கப்படாமலும் இருப்பதற்கே. ஆகவே இவ்விசாரணை வளர்ப்பவரை இழிவுபடுத்த எழுந்ததன்று; வாய்பேச இயலாத குழந்தையின் சார்பில் எழுந்ததாகும்.

இனி நம் நாட்டைக் காண்போம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், காப்பாளராக வர விரும்புவோரின் நடத்தையையும் தகுதியையும் நீதிமன்றம் ஆராய வேண்டுமெனக் கூறிற்று. இந்தியக் குழந்தைகளை அயல்நாட்டாருக்குத் தத்தளிப்பதில் முறைகேடுகள் நிகழ்வதாக வழக்கறிஞர் இலட்சுமி காந்த் பாண்டே உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதன்மீது நீதிபதி பகவதி 1984-இல் வழங்கிய தீர்ப்பில், தத்தெடுக்க விரும்புவோரின் இல்லத்தை ஆய்ந்த அறிக்கை இன்றியமையாதது என வகுக்கப்பட்டது. விசாரணையின்றிக் கைமாறிய குழந்தைகளுக்கு நேர்ந்த, நேரக்கூடிய துன்பமே அத்தீர்ப்புக்குக் காரணம்.

நம் மாவட்டத்துக்கும் இதில் வேதனையான பங்குண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. பெற்றோர் தொட்டிலில் விட்டுச் சென்ற குழந்தைகளுக்குப் புதிய இல்லம் தேடும் நிலை இம்மண்ணிலேயே ஏற்பட்டது.

2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம்பெற்ற ‘வளர்ப்புப் பராமரிப்பு’, 2015-ஆம் ஆண்டின் சட்டத்தில் மேலும் விரிவாக வகுக்கப்பட்டது. குடும்பத்தின் திறன், எண்ணம், ஆற்றல், முன்னனுபவம் ஆகியவற்றைக் கொண்டே தேர்வு செய்ய வேண்டுமென அச்சட்டம் கூறுகிறது. ‘எண்ணம்’ என்ற சொல்லைக் காணுந்தோறும் அபூ ஜமீலாவிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வியே நம் நினைவுக்கு வருகிறது.

இங்கு ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்தல் நம் கடமை. தத்தெடுத்தல் வேறு; வளர்ப்புப் பராமரிப்பு வேறு. ஹழ்ரத் ஜைத் (ரலி) அவர்களைத் தந்தை பெயராலேயே ‘ஜைத் இப்னு ஹாரிதா’ என அழைக்கும் நிலையைத் திருமறை ஏற்படுத்தியதை நாம் அறிவோம். வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையின் வமிசம் மாறுவதில்லை. வாரிசுரிமைப் பங்கீட்டிலும் மாற்றமில்லை. அன்பளிப்புச் செய்யவோ, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் செய்யவோ தடையுமில்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, இஸ்லாமியச் சட்டத்தின் ‘கஃபாலா’வைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது.

ஆய்வுக்கு வருவோரை எதிர்கொள்ள என்ன ஆயத்தம் வேண்டும்? சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு பூசுவதன்று. அடையாளம், வருமானம், உடல்நலம் பற்றிய சான்றுகளைத் தொகுத்து வையுங்கள். நம்மை அறிந்தவர் இருவரிடம், விசாரித்தால் உள்ளதை உள்ளபடி கூறுமாறு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்களே இன்றைய அரீஃப்கள். வரும் பிள்ளை எங்கே உறங்கும், எந்தப் பள்ளிக்குச் செல்லும் என்பதை வீட்டார் கூடிப் பேசுங்கள். சொந்தப் பிள்ளைகளின் மனத்தையும் கேளுங்கள். வளர்ந்த பின் மஹ்ரம் பற்றி எழக்கூடிய வினாக்களையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். கணவன், மனைவி இருவரும் தத்தம் வாயால் விடையளியுங்கள். கடனிருந்தால் மறைக்காதீர்கள், நோயிருந்தால் ஒளிக்காதீர்கள். மறைத்துப் பெற்ற அமானிதத்தில் பரக்கத் ஏது?

பிள்ளை வந்தபின்பும் ஆய்வு தொடரும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். குழந்தைகள் நலக் குழு திங்கள்தோறும் பிள்ளையின் நலத்தை அறிய வேண்டுமென்பது சட்டம். அரசுதவி பெறுவதிலும் இழிவில்லை. அபூ ஜமீலாவின் இல்லத்தில் வளர்ந்த குழந்தைக்கு அரசே செலவு செய்தது.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த அப்பெண்மணி, “ஓட்டு வீடென்று தள்ளிவிட மாட்டார்களா?” என மீண்டும் கேட்டார். வீடு எத்தகையது என்பதைவிட, அவ்வீட்டில் ஓர் அநாதை எவ்வாறு நடத்தப்படும் என்பதே கேள்வி என்றோம். அவர்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை.

அபூ ஜமீலா விசாரணைக்கு அஞ்சிக் குழந்தையைக் கிடந்த இடத்திலேயே விட்டுச் சென்றிருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும்? நாம் நாணத்தால் கதவடைக்கும் ஒவ்வொரு முறையும் இக்கேள்வி நம்மை நோக்கியே எழுகின்றது. அநாதைகளை அரவணைக்கும் இல்லங்களாக நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.