வைரஸ் தொற்றிய கோப்புகளைக் கையாளும் முறைகளின் வரலாறு

வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஒரு கோப்பில் தொற்றைக் கண்டறிந்தால் அதற்கு மூன்று வழிகள் உண்டு: வைரஸை மட்டும் நீக்கிக் கோப்பைச் சுத்தம் செய்யலாம், கோப்பையே அழிக்கலாம், அல்லது தனிமைப்படுத்தி வைக்கலாம். இன்று பெரும்பாலான மென்பொருள்கள் மூன்றாவது வழியையே முதலில் நாடுகின்றன. 1980களின் பிற்பகுதியில் நிலைமை வேறு. பயனரின் நிரலுக்கு அப்போது பெரும்பாலும் மறுபடி இருக்காது. எனவே சுத்தம் செய்வதே முதல் எதிர்பார்ப்பாக இருந்தது.

சுத்தம் செய்ய முடியுமா என்பது வைரஸ் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தது. 1987 அளவில் பரவிய வியன்னா வைரஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டாஸ் இயங்குதளத்தின் காம் வகைக் கோப்பின் கடைசியில் அது 648 பைட்டுகளைச் சேர்த்து, கோப்பின் முதல் மூன்று பைட்டுகளைத் தன்னை நோக்கித் தாவும் கட்டளையாக மாற்றிவிடும். அசல் மூன்று பைட்டுகள் வைரஸின் உடலுக்குள்ளேயே இருக்கும். அவற்றை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து, வாலை வெட்டிவிட்டால் கோப்பு பழையபடி ஆகிவிடும். ஆனால் ஏறத்தாழ எட்டுக் கோப்புகளில் ஒன்றை வியன்னா தொற்றாமல் கெடுத்தது. முதல் ஐந்து பைட்டுகளின் மேல், கணினியை மறுதுவக்கும் கட்டளையை எழுதிவிடும். அசலை எங்கும் சேமிக்காது. அக்கோப்பை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே வைரஸ், இரண்டு விதமான முடிவுகள்.

அதே ஆண்டில் அறியப்பட்ட ஜெருசலேம் வைரஸில் வேறொரு சிக்கல். அதன் நிரலிலிருந்த பிழையால் எக்ஸி வகைக் கோப்புகளை அது திரும்பத் திரும்பத் தொற்றியது. ஓர் அடுக்கை நீக்கினால் அடியில் இன்னோர் அடுக்கு இருக்கும்.

சோதனை செய்வதே ஆபத்தாக மாறிய காலமும் உண்டு. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் உருவான பிரெயின், நினைவகத்தில் இருக்கும்போது நெகிழ்வட்டின் துவக்கப் பிரிவை யார் படிக்கக் கேட்டாலும், தான் ஒளித்து வைத்த அசலைக் காட்டி ஏமாற்றியது. 1989இல் பல்கேரியாவில் தோன்றிய டார்க் அவெஞ்சர் இன்னும் மோசம். ஒரு கோப்பைத் திறந்தாலே அதைத் தொற்றியது. அது நினைவகத்தில் இருப்பதை அறியாத சோதனை நிரல், வட்டிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தானே தொற்றைப் பரப்பிவிடும். எழுதத் தடை செய்யப்பட்ட சுத்தமான நெகிழ்வட்டிலிருந்து கணினியைத் துவக்கிய பிறகே சோதிக்க வேண்டும் என்ற விதி இத்தகைய அனுபவங்களால் உறுதிப்பட்டது.

அந்த விதியையே பொறியாக்கியது 1994இல் பரவிய ஒன் ஹாஃப் வைரஸ். கணினி ஒவ்வொரு முறை துவங்கும்போதும் வன்தட்டின் கடைசியிலிருந்து சிறிது சிறிதாக முன்னோக்கி மறையாக்கம் செய்துகொண்டே வந்தது. வைரஸ் நினைவகத்தில் இருக்கும்வரை, மறையாக்கப்பட்ட பகுதியைப் படிக்கும் வேளையில் அதுவே மீட்டுக் கொடுக்கும். பயனருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. சுத்தமான நெகிழ்வட்டிலிருந்து துவக்கினால் அப்பகுதி வெறும் குப்பையாகத் தெரியும். எஃப்டிஸ்க் கட்டளையால் முதன்மைத் துவக்கப் பதிவைப் புதிதாக எழுதியவர்கள் நிலை இன்னும் பரிதாபம். வைரஸோடு, அங்கே இருந்த மறையாக்கத் திறவுகோலும் போய்விட்டது. முதலில் திறவுகோலைப் படித்து, தரவை மீட்டு, அதன் பிறகே வைரஸை நீக்குவது சரியான வரிசை. வைரஸை நீக்குவதும் தரவைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வைரஸ் குறைவு.

மின்னஞ்சல் வழிப் புழுக்கள் பெருகியபின் சுத்தம் செய்தலின் இடம் சுருங்கியது. புழுவின் கோப்பு முழுவதும் தீநிரலே; அதில் காப்பாற்ற ஒன்றுமில்லை. 2000 மே மாதம் பரவிய ஐ லவ் யூ புழு, ஜேபெக் படங்களின் மேல் தன் நிரலை எழுதியது. மறுபடி வைத்திருந்தவர்களுக்கே அப்படங்கள் திரும்பக் கிடைத்தன.

தனிமைப்படுத்தலில், சந்தேகக் கோப்பு தனி இடத்துக்கு நகர்த்தப்பட்டு, இயங்க முடியாதபடி உருமாற்றப்படுகிறது. அது முன்பு இருந்த இடமும் குறித்து வைக்கப்படுவதால் தேவைப்பட்டால் மீட்கலாம். சந்தேகம் தவறாகவும் இருக்கலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஆனால் தவறாகப் பிடிபடுவது இயங்குதளத்தின் கோப்பு என்றால் இந்த ஏற்பாடும் கைகொடுக்காது. 2007 மே மாதத்தில் சைமன்டெக் மென்பொருள், எளிய சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு முக்கியக் கோப்புகளைத் தீநிரல் எனக் கருதித் தனிமைப்படுத்தியது; கணினிகள் துவங்க மறுத்தன. 2010 ஏப்ரல் 21 அன்று வெளியான மெக்காஃபி இற்றைப்படுத்தல், விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சேவைத் தொகுப்பிலுள்ள எஸ்விசிஹோஸ்ட் கோப்பை வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் மீண்டும் மீண்டும் மறுதுவங்கின. வலையமைப்புத் தொடர்பும் அறுந்தது. தொடர்பு இல்லாததால் திருத்தத்தை வலைவழியே அனுப்ப முடியாமல், பல நிறுவனங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று அக்கோப்பைக் கையால் திரும்ப வைக்க வேண்டியிருந்தது.