ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ

ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ: அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1973இல் எழுதி, இசையமைத்துப் பாடிய கன்ட்ரி வகைக் காதல் பாடல். காதலர் பிரிவாகவே கேட்கப்படினும், இது தொழில்வழிப் பிரிவில் பிறந்தது. 1967 முதல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்த பார்ட்டன், தனிவழி செல்ல முடிவெடுத்தபோது வாகனருக்குப் பிரியாவிடை சொல்ல இதை எழுதினார். குற்றச்சாட்டோ மன்றாட்டோ இன்றி, பிரிபவளே வாழ்த்திச் செல்வது இதன் தனிச்சிறப்பு. மெதுவான மெட்டும் இடையே பேச்சாக ஒலிக்கும் பகுதியும் அந்த உணர்வைத் தாங்குகின்றன.

நாஷ்வில் நகரில் ஆர்சிஏ நிறுவனத்துக்காகப் பதிவான இப்பாடல், 1974இல் ‘ஜோலீன்’ தொகுப்பில் இடம்பெற்று, அவ்வாண்டு ஜூனில் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. திரைப்படமொன்றுக்காக அவரே மீண்டும் பாடிய வடிவமும் 1982இல் அதே பட்டியலின் உச்சியை எட்டியது. ஒரே பாடகர் ஒரே பாடலால் இருமுறை முதலிடம் பெறுவது மிக அரிது.

எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பினார். அவருடைய மேலாளர் டாம் பார்க்கர் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டதால் பார்ட்டன் மறுத்துவிட்டார். அப்போது அவருக்குப் பெருந்துயரம் தந்த அம்மறுப்பே உரிமை முழுவதையும் அவரிடம் காத்தது. 1992இல் ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடிய வடிவம், பக்கவாத்தியமின்றித் தனிக்குரலில் தொடங்குகிறது; பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்து, கிராமி விருதும் பெற்றது.