மின்னஞ்சலில் தமிழ் பட்ட பாடு



ஒரு காலத்தில் ஊர்க் கடுதாசி தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்து சேரும். கிராணியார் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். மழையில் நனைந்து மை கலைந்திருந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். பிற்பாடு நம் பிள்ளைகள் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தமிழில் மின்னஞ்சல் அனுப்பினார்களே, அது பல சமயம் போய்ச் சேரும்போது தமிழாக இல்லை. என்னடா இது கூத்து என்று திகைத்தவர்கள் பலர்.

விஷயம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 1982-இல் வகுத்த மின்னஞ்சல் விதி 0 முதல் 127 வரை, ஆக 128 எண்களுக்கே இடம் வைத்தது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் கூடி அமைத்த 'திஸ்கி' முறையோ, ஆங்கிலத்தைக் கீழே விட்டுத் தமிழை 128-க்கு மேலே குடிவைத்தது. வழியிலிருந்த பழைய சர்வர் சில, அந்த மேல்வீட்டை அப்படியே வெட்டிவிடும். அதாவது 128-ஐக் கழித்துவிடும்.

மாணவர்களே, நீங்களே கழித்துப் பாருங்கள். 'அ'வுக்கு 171, மிச்சம் 43, அது கூட்டல் குறி. அம்மா என்று எழுதினால் கூட்டல் குறியில் தொடங்கும்! 'தமிழ்' என்ற சொல்லோ 'பெரிது' குறி, ஆங்கில ஏ, மேற்கோள் குறி, சின்ன இசட் என்று நாலு துண்டாகிப் போகும்.

1992-இல் 'மைம்' என்ற புது விதி வந்தது. எழுத்தை மூட்டை கட்டி அனுப்பலாம். ஆனால் மூட்டையைப் பிரிக்கத் தெரியாத மென்பொருளில் கடிதம் பூராவும் சமக்குறிகள்தாம்.

'இ' பட்ட பாடு தனிக் கதை. அதற்குக் கிடைத்த 173-ஆம் இடம், ஐரோப்பிய எழுத்துமுறையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் கோடு. சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிட்டன. 'பணம் இல்லை' என்று மகன் எழுதினால் அப்பாவுக்குப் 'பணம் ல்லை'! கடைசியில் 'இ'க்கு 254-ஆம் இடத்தையும் கொடுத்தார்கள்.

போதாக்குறைக்கு, 1999 சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டு முறைகளைக் கொண்டுவந்தது. அனுப்புகிறவரிடம் ஒன்று, வாங்குகிறவரிடம் ஒன்று. உருப்படுமா?

இந்தக் குழப்பத்தில் நம் நாட்டவர் கை கட்டி நிற்கவில்லை. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கியவர். பின்னர் வந்த 'முரசு அஞ்சல்' பேரிலேயே அஞ்சலைச் சுமந்தது. 2001 ஆகஸ்டில் நான்காவது தமிழ் இணைய மாநாடு நமது கோலாலம்பூரிலேயே கூடியது.

தீர்வு, உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்த யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 அதைக் காட்டியது. பேர்பெற்ற 'யூடோரா' அஞ்சல் மென்பொருளுக்கோ கடைசிவரை அது சரியாக வரவில்லை. தமிழக அரசு 2010-இல்தான் ஏற்றது.

பரணில் பழைய டிஸ்கெட் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள திஸ்கிக் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இன்றும் கிடைக்கின்றன.