பட்டனைத் தட்டினால் தகவல் எங்கே போகிறது? செயலிகளுக்குள் இருக்கும் 'ஈவென்ட் அனலிட்டிக்ஸ்' - முழு விளக்கம்

உடையார்பாளையத்தில் ஒருவர் கைத்தறிச் சேலை விற்க ஒரு செயலி தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கும், சுற்று வட்டாரத்துக்கும் தறிச் சத்தம் புதிதல்ல. கடைக்கு வந்தவர் சேலையைப் பிரித்துப் பார்த்து, விலை கேட்டு, மடித்து வைத்துவிட்டுப் போனால் என்ன காரணம் என்பது கடைக்காரருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். செயலியில் முகம் தெரியாது. யாரோ வந்தார்கள், பார்த்தார்கள், வாங்காமல் போய்விட்டார்கள். ஏன்?

இந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் தேடுவதற்காக உருவானதுதான் ஈவென்ட் அனலிட்டிக்ஸ். உங்கள் போனில் இருக்கும் பெரும்பாலான செயலிகளில் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

அது என்ன ஈவென்ட்?

செயலிக்குள் நடக்கும் ஒரு சம்பவம். அவ்வளவுதான். செயலியைத் திறந்தார், சேலையின் படத்தைத் தொட்டார், கார்ட்டில் போட்டார், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனார், பணம் கட்டினார். ஒவ்வொன்றும் ஓர் ஈவென்ட். அதோடு சில கூடுதல் விவரங்களும் ஒட்டிக்கொண்டு போகும். என்ன சேலை, என்ன விலை, எந்த மாடல் போன், எத்தனை மணிக்கு என்பது போல. இவற்றுக்கு 'பாராமீட்டர்' அல்லது 'ப்ராப்பர்ட்டி' என்று பெயர்.

இவை சேரச் சேரத்தான் கதை புரியும். கார்ட்டில் போட்டவர்களில் பாதிப் பேர் டெலிவரி கட்டணம் காட்டும் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்றால், பிரச்சினை சேலையில் இல்லை, கட்டணத்தில் இருக்கிறது. பழைய மாடல் போன் வைத்திருப்பவர்கள் மட்டும் படம் வருவதற்குள் வெளியேறுகிறார்கள் என்றால், படத்தின் சைஸைக் குறைக்க வேண்டும். யூகத்தில் விலையைக் குறைத்து நஷ்டப்படுவதைவிட இது எவ்வளவோ மேல், இல்லையா?

கிளையன்ட் லைப்ரரி எதற்கு?

இந்த எண்ணும் வேலையை எல்லாம் செயலி எழுதுபவரே தானாக எழுதலாம். ஆனால் நெசவு செய்ய நினைப்பவர் மரம் அறுப்பதிலிருந்து தொடங்குவதில்லையே. செய்து வைத்த தறியை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதுபோல கூகுளின் ஃபயர்பேஸ், அமெரிக்காவின் மிக்ஸ்பேனல், மும்பையில் தொடங்கிய கிளெவர்டேப், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ஆப்டிக்ஸ் என்று பலரும் இதற்கான கோடை எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். இதைத்தான் கிளையன்ட் லைப்ரரி அல்லது எஸ்.டி.கே. என்கிறார்கள். சர்வர் ஒரு பக்கம், பயனரின் போன் மறுபக்கம். போன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் 'கிளையன்ட்'.

சேர்ப்பது எப்படி?

முதலில் அந்த நிறுவனத்தின் தளத்தில் ஒரு கணக்கு. செயலியைப் பதிவு செய்தால் ஒரு கீ அல்லது கான்ஃபிக் ஃபைல் கிடைக்கும். அதை ப்ராஜெக்டில் வைத்து, லைப்ரரியின் பெயரை டிபெண்டென்சி பட்டியலில் சேர்க்க வேண்டும். செயலி திறந்ததும் லைப்ரரியை ஒருமுறை எழுப்பிவிட வேண்டும். பிறகு, எந்த இடத்தில் சம்பவம் நடக்கிறதோ அந்த இடத்தில் ஒரு வரி. 'கார்ட்டில் போட்டார், விலை இவ்வளவு' என்று. வேலை முடிந்தது. பழகியவருக்கு அரை நாள் வேலைதான்.

இங்கே ஒரு விஷயம். செயலிக்குள் வைக்கும் கீ ரகசியம் அல்ல. செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த யாரும் அதை எடுத்துவிடலாம். தகவலை அனுப்ப மட்டுமே பயன்படும் கீயைத்தான் அங்கே வைக்க வேண்டும். கணக்கையே திறக்கும் கீயை அவசரத்தில் அங்கே ஒட்டிவிட்டால், கல்லாப் பெட்டிச் சாவியை வாசலிலேயே மாட்டியது போலத்தான்.

'தட்டினேன், ஒன்றும் வரவில்லையே!'

புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பட்டனைத் தட்டிய நொடியில் தகவல் கிளம்பிவிடாது. பேட்டரியும் டேட்டாவும் வீணாகக் கூடாது என்பதற்காக லைப்ரரி அவற்றை போனிலேயே சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். ஃபயர்பேஸ் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் முழுதாகத் தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். சோதித்துப் பார்ப்பதற்கு 'டீபக் வியூ' என்று தனி வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால் உடனுக்குடன் தெரியும்.

சிக்னல் இல்லாத இடத்துக்கும் இதே ஏற்பாடுதான் கை கொடுக்கிறது. பஸ்ஸில் போகும்போது நெட் போய்விட்டால் ஈவென்ட்கள் போனில் காத்திருக்கும், நெட் வந்ததும் போகும். அதனால் 'நடந்த நேரம்' வேறு, 'வந்து சேர்ந்த நேரம்' வேறு. இரண்டையும் குழப்பினால் கணக்கு தப்பும். இன்னொரு குழப்பம் உலக நேரம். சர்வர் உலக நேரத்தில் நாளைப் பிரித்தால், நம் ஊரில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் விழும். டைம் ஸோனை இந்தியாவுக்கு மாற்றிவிட்டுத்தான் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும்.

பெயர் வைப்பதில்தான் பெரும்பாலும் சொதப்பல்

ஃபயர்பேஸில் ஒரு செயலிக்கு 500 வகை ஈவென்ட் பெயர்கள்தான். ஒரு பெயர் 40 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஓர் ஈவென்ட்டுக்கு 25 பாராமீட்டர் வரை வைக்கலாம். 'பச்சைச் சேலை பார்த்தார்', 'சிவப்புச் சேலை பார்த்தார்' என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தால் 500 சீக்கிரமே தீர்ந்துவிடும். 'சேலை பார்த்தார்' என்று ஒரே பெயர், நிறம் பாராமீட்டரில். இதுதான் முறை. இலக்கணம் படித்தவர்களுக்குப் புரியும்படி சொன்னால், வினைச்சொல்லைப் பெயராக வை, மற்றதெல்லாம் அடைமொழி.

போன் நம்பரை அனுப்பலாமா?

கூடாது. வாடிக்கையாளரை அடையாளம் காண லைப்ரரி ஒரு ரேண்டம் எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும், அது போதும். பெயர், மொபைல் எண், மெயில் முகவரி போன்றவற்றைத் தன் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக் கூடாது என்று கூகுளே விதி வைத்திருக்கிறது. 'நம்பரை ஹேஷ் செய்துதான் அனுப்புகிறோம்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பத்து இலக்க எண்ணில் எத்தனை வாய்ப்பு இருக்கிறதோ அத்தனையையும் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துவிடும். அது பூட்டே இல்லை.

2018-ல் நாடே பேசிய விவகாரம்

இந்தியாவில் இந்த லைப்ரரிகள் தலைப்புச் செய்தியானது 2018 மார்ச்சில். 'எலியட் ஆல்டர்சன்' என்ற புனைபெயரில் இயங்கிய பிரான்ஸ் நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர், பிரதமரின் 'நமோ' செயலியில் ப்ரொஃபைல் உருவாக்கினால் பெயர், மெயில், பாலினம், படம் ஆகியவையும் போனின் விவரங்களும் பயனரின் சம்மதமின்றி வேறொரு முகவரிக்குப் போவதாக ட்விட்டரில் எழுதினார். அந்த முகவரி கிளெவர்டேப் நிறுவனத்துடையது. அதன் பழைய பெயர் விஸ்ராக்கெட். கூகுள் அனலிட்டிக்ஸ் போல ஆய்வுக்காக மட்டுமே தகவல் பயன்படுகிறது, மூன்றாம் தரப்பு அதை வைத்துக்கொள்வதில்லை என்று பாஜக விளக்கம் அளித்தது. அடுத்த சில நாள்களிலேயே காங்கிரஸ் செயலி பற்றியும் கேள்வி எழ, அது ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது.

கட்சிச் சண்டையை விட்டுவிட்டுப் பார்த்தால், எஸ்.டி.கே. சேர்த்தது பிரச்சினை அல்ல. அது ஊரெல்லாம் நடப்பது. எதை அனுப்புகிறோம் என்று பயனரிடம் சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

அதே ஆண்டு பிப்ரவரியில் மிக்ஸ்பேனலுக்கு வேறு விதமான சிக்கல். எல்லா க்ளிக்கையும் தானாகவே பதிவு செய்யும் 'ஆட்டோட்ராக்' வசதி, சில தளங்களில் பயனர்கள் டைப் செய்த பாஸ்வேர்டையும் சேர்த்தே எடுத்துவிட்டது தெரியவந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தானாக எடுக்கட்டும் என்று விட்டால் எதை எடுக்கிறது என்பது நம் கையில் இல்லை, அதனால் வந்தது. ஈவென்ட்டை ஒவ்வொன்றாகக் கையால் எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனால் பாதுகாப்பு அதில்தான்.

2020-ல் மே, ஜூலை என இரண்டு முறை, ஃபேஸ்புக்கின் எஸ்.டி.கே.யைச் சேர்த்திருந்த ஐபோன் செயலிகள் திறந்த உடனே மூடிக்கொண்டன. ஸ்பாட்டிஃபை, டிண்டர் போன்ற பெரிய செயலிகளும் தப்பவில்லை. தப்பு அந்தச் செயலிகளில் இல்லை, ஃபேஸ்புக்கின் சர்வரில் நடந்த மாற்றத்தில். 2025 நவம்பரில் மிக்ஸ்பேனலில் நடந்த ஊடுருவலில், அதைப் பயன்படுத்திவந்த ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஏபிஐ வாடிக்கையாளர்கள் சிலரின் பெயர், மெயில் முகவரி போன்ற விவரங்கள் வெளியே போயின. அடுத்தவர் கோடை வீட்டுக்குள் கூட்டி வந்தால் அவர் பிரச்சினையும் கூடவே வரும்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

இதுதான் உடையார்பாளையம் கடைக்காரர் கவனிக்க வேண்டிய இடம். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று முடிவு செய்பவருக்குத்தான் பொறுப்பு. வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு கைமாறாது. 'லைப்ரரி செய்த தப்புங்க' என்று கையைக் காட்ட முடியாது. எளிய மொழியில் நோட்டீஸ் தர வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், கேட்டால் அதைத் திரும்பப் பெறவும் வழி வைக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவும் தடை இருக்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம்.

ஆகவே செயலி எழுதித் தருபவரிடம் கடைக்காரர் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. எந்த லைப்ரரியைப் போட்டிருக்கிறீர்கள், என்னென்ன ஈவென்ட் போகிறது, சம்மதம் தரும் முன்பே அனுப்பத் தொடங்கிவிடுகிறதா, எத்தனை மாதம் வைத்திருக்கும்? கடைசிக் கேள்விக்கு கூகுள் அனலிட்டிக்ஸின் இலவசக் கணக்கில் 2 மாதம் அல்லது 14 மாதம் என்று நாமே தேர்வு செய்யலாம். தகவல் தன் சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது என்பவர்களுக்கு மட்டோமோ போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் உண்டு. ஆனால் சர்வரைப் பராமரிக்க ஆள் வேண்டும், சின்னக் கடைக்கு அது கட்டுப்படியாகாது.

பயனர்கள் என்ன பார்க்கலாம்?

ப்ளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் 'டேட்டா சேஃப்டி' என்ற பகுதி இருக்கும். என்ன தகவல் எடுக்கிறார்கள், யாரோடு பகிர்கிறார்கள் என்பதைச் செயலி உருவாக்கியவரே அங்கே அறிவிக்கிறார். அறிவிப்புதான், சான்றிதழ் அல்ல. எக்ஸோடஸ் என்ற பிரான்ஸ் தன்னார்வ அமைப்பின் தளத்தில் செயலியின் பெயரைத் தேடினால், அதற்குள் எந்தெந்த டிராக்கர்களின் கோட் இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குள் 'ஆட்ஸ்' என்ற இடத்தில் விளம்பர ஐடியை நீக்கவும் முடியும். நீக்கினாலும் செயலி வழக்கம்போல ஓடும்.